இரண்டாவது சத்தத்தின் விலை

ஒரு சத்தத்தின் விலை நூற்றிருபது ரூபாய். கோயில் மணிச் சத்தம் அல்ல, கல்யாண மேளச் சத்தமும் அல்ல. வெறும் ‘டமார்’. முதல் டமாருக்கும் அதே விலைதான்; அது கைமேல் காசு. பேச்செல்லாம் அதை அடுத்து வரவேண்டிய இரண்டாவது டமாரின் விலையைப் பற்றி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், புரட்டாசி மாதம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டப்பகலில் இந்த விலை பேசி முடிந்தது. அந்த நாளில் நூற்றிருபது ரூபாய்க்குப் பல் பிடித்துப் பார்த்து ஒரு ஜோடி உழவு மாடு வாங்கலாம். மாடு கத்துகிற சத்தம் இனாம்.

விற்றவர் சுவாமிநாத முதலியார். தோட்டா, தூண்டில் முள், பெட்டிப்பூட்டு, எலிப்பொறி என்று பிராணிகளுக்கும் திருடர்களுக்கும் ஆகாத சரக்கெல்லாம் அவர் கடையில் கிடைக்கும். துப்பாக்கி விற்கச் சர்க்கார் கொடுத்த லைசென்சைக் கண்ணாடி போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்தே கற்பூரம் காட்டுவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விலை சொல்லும்போது கையில் இருப்பதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். கெஜக்கோலானாலும் சரி, குடையானாலும் சரி, ‘டொக்’கென்று ஒரு தட்டு. தட்டிச் சொன்ன விலை இறங்காது என்று அர்த்தம். தட்டித் தட்டியே இறங்குவார் என்பது வேறு விஷயம்.

வாங்க வந்தவர் கண்ணுசாமிக் கவுண்டர். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் நிலக்கடலை. அந்த வருஷத்து வரும்படி முழுவதும் மண்ணுக்குள் இருந்தது. காட்டுப்பன்றிகளின் மூக்கும் அதே மண்ணுக்குள்தான் இருந்தது. தாசில்தாரிடம் நடையாய் நடந்து பயிர்க் காவலுக்கென்று லைசென்சு வாங்கி, அதை நாலாய் மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

முதலியார் எடுத்துக் காட்டியது சீமைத் துப்பாக்கி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது, இரண்டு நிலைக்கண்ணாடி, ஒரு குளியல் தொட்டி, இந்தத் துப்பாக்கி மூன்றையும் ஒரே லாட்டாக ஏலத்தில் விட்டார். கண்ணாடியிலும் தொட்டியிலுமே முதலியாருக்குப் போட்ட முதல் வந்துவிட்டது. துப்பாக்கியில் வருவதெல்லாம் லாபம். இது அவருக்கும் லட்சுமிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

கண்ணுசாமி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க மொதலியாரே, கொழலு ரெண்டு இருக்குது. இழுக்கற விசை ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு எங்கீங்க, உளுந்துருச்சா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கெல்லாம் இரண்டு விசை. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. ஒற்றை விசைக்காரி சேலம் ஜில்லாவிலேயே இவள் ஒருத்திதான்.

“வெள்ளைக்காரன் ஒரு வெரல்ல ரெண்டு வேலை வாங்கறவங்க” என்றார் முதலியார். “மொதல்ல இழுத்தா ஒரு கொழலு. மறுக்கா இழுத்தா மறு கொழலு. தோட்டா இல்ல, காலிதான். இழுத்துப் பாருங்க.”

நடுவில் மடக்கித் திறந்து நிமிர்த்தினால்தான் விசை ஏறும். கண்ணுசாமி துப்பாக்கியை மடக்கி நிமிர்த்தி, தோளில் வைத்து விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது. விரலை விட்டு மறுபடி இழுத்தார். ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை இழுத்தார். செத்த தேளின் கொடுக்கு மாதிரி விசை வந்து வந்து போனது.

“ஒரு கொழலுக்கு உசுரு இல்லீங்க.”

“குடுங்க இங்க.” முதலியார் வாங்கிப் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, “முந்நூறு ரூபாய்ச் சாமான்!” என்று ஒரு தட்டுத் தட்டி, எடுத்து இழுத்தார். ‘டிக்’.

“பாத்தீங்களா?”

கண்ணுசாமி வாங்கி, மடக்கி நிமிர்த்தி இழுத்தார். டிக். மறுபடி இழுத்தார். மௌனம். முதலியார் வாங்கினார். “சரி, எரநூத்தி எண்பது!” டொக். டிக். கண்ணுசாமி வாங்கினார். டிக், மௌனம். “எரநூத்தி அறுவது!” டொக், டிக். இப்படியே நாலைந்து தடவை துப்பாக்கி கை மாறியது. கவுண்டர் கையில் ஒரு குழல் துப்பாக்கி; முதலியார் கையில் இரண்டு குழல் துப்பாக்கி.

“உங்க கையில சுடுது, என்ற கையில சுட மாட்டீங்குது” என்றார் கண்ணுசாமி. “அப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்களையும் சேத்து வெல சொல்லுங்க. பன்னி வாரப்பக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“சாமான் புதுக் கைக்குக் கூச்சப்படுதுங்க. பழகுனாச் சரியாயிரும்.”

“பொண்ணுங்களா இது, கூச்சப்படறதுக்கு? அது கெடக்கட்டும். மேல இருக்கற இந்தப் பித்தான் என்னங்க?”

துப்பாக்கியின் கழுத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில் சின்னதாக ஒரு பித்தான் இருந்தது.

“அது பூட்டு. முன்னால தள்ளுனாச் சுடும், பின்னால இழுத்தாச் சுடாது.”

“அது சரிங்க. பக்கவாட்டுல இக்கட்டயும் அக்கட்டயும் ஆடுதே?”

முதலியாருக்கும் அது ஏன் என்று தெரியாது. கடைக்காரர் வாயில் ‘தெரியாது’ வரலாமா? “பழகுன சாமான் இல்லீங்களா. கொஞ்சம் தேய்மானம். ஆடத்தான் செய்யும்.”

“அப்ப அந்த ஆட்டத்துக்கு அஞ்சு ரூபாய் தள்ளுங்க.”

இனிமேல் வாயால் பேசிப் பயனில்லை என்று கண்ணுசாமி துண்டை விரித்தார். இருவர் கையும் துண்டுக்குள் போயின. மாட்டுச் சந்தையில் பேசுகிற விரல் பேரம் அது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது. கடையில் அவர்கள் இருவரையும் லட்சுமியையும் தவிர வேறு ஆள் இல்லை. இருந்தாலும் துண்டு இல்லாமல் பேசினால் பேரம் பேசின மாதிரியே இருக்காது. விரல்கள் மடங்கின, நீண்டன, கிள்ளின. கடைசியில் இருநூற்று நாற்பத்தைந்தில் நின்று, ஆட்டத்துக்கு ஐந்து போக இருநூற்று நாற்பது என்று வெளியே வந்தன.

“ஆனா ஒண்ணுங்க” என்றார் கண்ணுசாமி. “என்ற கையில சுடற கொழலுக்கு நூத்தி இருவது இப்பவே தாரேன். சுடாத கொழலுக்கு எதுக்குங்க காசு? அது சுடறன்னிக்கு மீதி நூத்தி இருவது.”

முதலியார் யோசித்தார். தன் கையில் இரண்டும் தட்டுகிறது என்பது அவர் கண்ணால் கண்டது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குச் சுடும்; சுட்டால் ஊருக்கே கேட்கும். சத்தத்தை எந்த மடியில் மறைக்க முடியும்? காகிதம் எடுத்து எழுதினார்: கடலை பிடுங்கி முடிவதற்குள், துப்பாக்கியை நடுவில் மடக்காமல், அடுத்தடுத்து இரண்டு சத்தம் கேட்டால் மேற்படி கண்ணுசாமி ரூபாய் நூற்றிருபது தரவேண்டியது. கேட்காவிட்டால் பாத்தியதை இல்லை. துப்பாக்கியோடு ஆறு டஜன் தோட்டாவும் விற்றார், ஒன்று மூன்று அணா. அதற்குக் கண்ணுசாமி பேரம் பேசவில்லை. அதுதான் அவர் அன்று செய்த ஒரே தவறு. அந்தத் தோட்டாப் பெட்டி கடையிலேயே இரண்டு மழைக்காலம் பார்த்து ஈரம் குடித்திருந்தது.

வீட்டில் சின்னாயி துப்பாக்கியைப் பார்த்தாள். கண்ணுசாமியின் சம்சாரம். கடலை உரிக்கிற கூலிக்காரிகள் மடியில் எத்தனை கொட்டை போகிறது என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுகிறவள்.

“பாதிக் காசுக்குத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன் புள்ள” என்று கண்ணுசாமி காலித் துப்பாக்கியை இழுத்துக் காட்டினார். டிக். மறுபடி இழுத்தார். மௌனம். “பாத்தியா, செத்த கொழலு. நூத்தி இருவது மிச்சம்.”

“குடுங்க, பாக்கலாம்.” வாங்கியவள் கனம் தாங்காமல் கட்டையை ‘டொம்’மென்று தரையில் ஊன்றி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்கி விசையை இழுத்தாள். டிக்.

கண்ணுசாமி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். “உன்ற கையிலயுமா சுடுது?”

சின்னாயி மடக்கி நிமிர்த்தி இழுத்தாள். டிக். ஊன்றாமல் இழுத்தாள். மௌனம். ஊன்றினாள், இழுத்தாள். டிக். மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“மொதலியாரு வெல சொல்றப்பக் கையில இருக்கறதத் தரையில தட்டுவாருன்னு சொன்னீங்களே, இதையும் தட்டுனாரா?”

“ஆமா, தட்டுனாரு... ஒவ்வொருக்காவும் தட்டுனாரு.”

“அவ்வளவுதானுங்க. வள்ளத்துல ராகி அளக்கறப்ப ஒரு தட்டுத் தட்டுனா உள்ள இருக்கறது எடம் மாறி உக்காருதில்ல? இதுக்குள்ளயும் எதோ ஒண்ணு எடம் மாறி உக்காருது. அது உக்காந்தாத்தான் மறு கொழலு.”

அவள் திறந்து பார்க்கவில்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னாள். உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டு ஆடுகிற மாதிரி வைத்திருக்கிறது. முதல் குழல் வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். நின்ற வண்டி வெடுக்கென்று கிளம்பினால் உள்ளே இருப்பவன் மட்டும் அதே இடத்தில் நிற்கப் பார்த்துச் சாய்கிறானே, அப்படி அந்தத் துண்டு சாய்ந்து விசையை இரண்டாவது குழலோடு கோத்துவிடும். உதை இல்லையென்றால் சாய்வும் இல்லை, கோப்பும் இல்லை. பதற்றத்தில் விரல் துடித்து இரண்டு தோட்டாவும் ஒரே நேரத்தில் போய்விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. காலித் துப்பாக்கி உதைக்காது. ஆகவே கண்ணுசாமியின் கையில் அது ஊமை. முதலியார் தன் விலையால் அதை உதைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப தோட்டா போட்டுச் சுட்டா?”

“தோள்ல இடிக்குமில்ல? அந்த இடியே போதும். ரெண்டாவதும் பட்டுனு சுடும்.”

கண்ணுசாமி உட்கார்ந்துவிட்டார். வாங்கிய துப்பாக்கி நன்றாக இருக்கிறது என்று தெரிந்து துக்கப்பட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“வெரல அடக்கிக்கிட்டா எந்தச் சத்தமும் வராது” என்று கடைசியில் தேறினார். “ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டா. ஒடனே மடக்கிருவேன்.”

அப்படியே செய்தார். விடியற்கருக்கலில் பன்றி வரும், ஒரு டமார், உடனே மடக்கி, சுட்ட தோட்டாவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார். எப்போதும் வெடிப்பது வலது குழல்தான். இடது குழலில் போட்ட தோட்டா மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் சுட்டு மடக்கினால், வலது தோட்டா அப்படியே இருக்கிறது. வெடித்தது இடது.

“ஏம் புள்ள! பேய் பூந்துருச்சு!”

சின்னாயி வந்து பார்த்தாள். “நேத்து வெளக்கெண்ணெய் போட்டுத் தொடச்சேன். பித்தான் இந்தப் பக்கம் சாஞ்சு கெடக்குது. நாந்தான் தள்ளியிருப்பேன்.”

பித்தானை வலப்பக்கம் தள்ளினால் முதலில் வலது. இடப்பக்கம் தள்ளினால் முதலில் இடது. பழைய பனையோலைத் தட்டி ஒன்றைத் தூரத்தில் சாய்த்துவைத்து ஆளுக்கொரு பக்கமாகச் சுட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வலது குழல் ரவையைக் கம்பு விதைக்கிற மாதிரி விரித்து வீசுகிறது. இடது குழல் கையில் பொத்திக் கொடுத்த மாதிரி ஒரே இடத்தில் போடுகிறது. கிட்டத்தில் ஓடுகிற பன்றிக்கு வலது, எட்டத்தில் நிற்கிற பன்றிக்கு இடது. எது முதலில் என்று கட்டைவிரல் சொல்ல வேண்டியது, துப்பாக்கி கேட்கும்.

“இதையத் தேய்மானம்னு சொல்லி அஞ்சு ரூபாய் தள்ளிக் குடுத்தாரே மனுசன்” என்றார் கண்ணுசாமி, கொஞ்சம் மனச்சாட்சியோடு. “திருப்பிக் குடுக்கோணுமா?”

“ஆட்டத்துக்குத்தானுங்க தள்ளுனாரு? ஆடுதில்ல? உடுங்க.”

மனிதர்கள் கற்றுக்கொண்டதைப் பன்றிகளும் கற்றுக்கொண்டன. ஒரு டமார் கேட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் ஆகும் என்று அவற்றுக்குப் பத்தே நாளில் பிடிபட்டுவிட்டது. முதல் சத்தத்துக்கு வேலி வரை ஓடும், திரும்பிப் பார்க்கும், இந்த ஆள் துப்பாக்கியை மடக்கி நிமிர்த்துவதற்குள் வந்து இன்னும் நாலு செடியைக் கிளறும். அதிலும் ஒற்றையாய் வருகிற கிழட்டு ஆண் பன்றி ஒன்று ஓடுவதையே விட்டுவிட்டது. கார்த்திகை பிறப்பதற்குள் முக்கால் ஏக்கர் உழுத நிலம் மாதிரி ஆகிவிட்டது.

“ரெண்டாவது சத்தத்த மிச்சம் புடிச்சு மூட்ட மூட்டையாப் பன்னிக்குப் போடறீங்க” என்றாள் சின்னாயி. “நாலு ஏக்கரும் போனதுக்கப்பறம் அந்த நூத்தி இருவதக் கஞ்சியில கரைச்சுக் குடிக்கறதா?”

“இன்னும் எட்டு நாளுப் பொறு. கடலை புடுங்கிட்டா காயிதம் காலாவதி.”

எட்டு நாள் இருக்கிறது என்று முதலியாரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். மறுநாளே வண்டி பூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

“கடலைய நெலத்தோட வெல பேசலாம்னு வந்தேனுங்க” என்றார். வந்தது சத்தம் கேட்க என்று மூவருக்கும் தெரியும். சின்னாயி இலை போட்டாள். முதலியார் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். விடியலில் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். முதல் நாள் ஒரு டமார். இரண்டாம் நாள் ஒரு டமார்.

“கவுண்டரே, இன்னொண்ணு போட்டிருந்தா ரெண்டு பன்னி விழுந்திருக்குமே?”

“ஒண்ணு சுட்டா ஒம்பது ஓடுதுங்களே. தோட்டா மூணணா விக்குது. சிக்கனமா இருக்கோணுமில்லீங்க.”

மூன்றாம் நாள் விடியற்காலையில் முதலியார் யாரிடமும் சொல்லாமல் எழுந்து காட்டுக்குப் போனார். கடலைக்கு விலை பேசுவதென்று சொன்னாயிற்று. பேசுவதற்கு முன் சொந்தக்காரருக்குத் தெரியாமல் அங்கங்கே ஒரு செடி பிடுங்கிக் காய் எண்ணிப் பார்ப்பது வியாபாரிகளின் சம்பிரதாயம். ஏழெட்டுச் செடி பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தால், கிளுவை வேலியில் ஆள் நுழைகிற கடவில் கிழட்டுப் பன்றி நிற்கிறது.

பன்றிக்கு முதலியார் மேல் எந்தக் கோபமும் இல்லை. மடியில் இருந்த கடலை வாசனைதான் அதற்கு வேண்டியிருந்தது. செடியைக் கீழே போட்டிருந்தால் தின்றுவிட்டுப் போயிருக்கும். கைக்கு வந்த சரக்கை விலை தெரியாமல் கீழே போடுவது முதலியார் பரம்பரையிலேயே கிடையாது. மடியோடு ஓடினார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக் கிணற்றின் மேல் நிற்கும் மரச்சட்டத்தில், ஐம்பத்திரண்டு வயதில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாமல் ஏறித் தொங்கினார். பன்றி கீழே வந்து நின்று, தொங்கிய வேட்டி நுனியைக் கடித்து இழுத்தது.

“கவுண்டரே! ஐயோ கவுண்டரே!”

கண்ணுசாமி துப்பாக்கியோடு ஓடிவந்தார். முப்பது முழத்தில் நின்று, குறி பார்த்து இழுத்தார்.

டிக்.

இரண்டு மழைக்காலம் பார்த்த தோட்டா வெடிக்கவில்லை. பதற்றத்தில் மறுபடி இழுத்தார். தோட்டா வெடித்திருந்தால் துப்பாக்கி உதைத்திருக்கும்; உதைத்திருந்தால் உள்ளே துண்டு சாய்ந்திருக்கும். வெடிக்கவில்லை, உதைக்கவில்லை, சாயவில்லை. விசை செத்த தேளின் கொடுக்காக வந்து வந்து போனது.

முதலியாருக்கு மேலிருந்து தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கவுண்டர் துப்பாக்கியைக் குறி வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். ஏன் நிற்கிறார் என்பது ஒரு வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா?

“அந்த இன்னொரு கொழலச் சுடுங்க கவுண்டரே!”

“இருங்க, சுட மாட்டீங்குது!”

“தெரியுதுங்க, தெரியுது! நூத்திப் பத்து குடுங்க போதும்!”

கண்ணுசாமி விசையை இழுத்துக்கொண்டே இருந்தார். பன்றி வேட்டியில் ஒரு முழத்தைக் கிழித்துத் துப்பிவிட்டு, பின்னங்காலில் எழும்பிச் சட்டத்தை முட்டியது. சட்டம் ஆடியது.

“நூறு! நூறே போதும்!”

“அதில்லீங்க மொதலியாரே...”

“தொண்ணூறு! ஊட்டுல பொண்டாட்டி இருக்காங்க, தொண்ணூறு!”

கட்டையைத் தரையில் குத்தலாமா என்று கண்ணுசாமிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோட்டா போட்ட துப்பாக்கியைக் குத்துவது எமனை எழுப்பிவிடுவதற்குச் சமம். அப்போதுதான் கட்டைவிரல் பித்தானில் பட்டது.

“எண்பது!”

கட்டைவிரல் பித்தானை இடப்பக்கம் தள்ளியது. கண்ணுசாமி மூச்சைப் பிடித்துக் குறி பார்த்தார்.

“எழுவது!”

டமார்.

பன்றி ஒரு புரள் புரண்டு கிணற்று மேட்டிலேயே சாய்ந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் துப்பாக்கியோடு கடையையும் கவுண்டர் பேருக்கு எழுதியிருப்பார் முதலியார். கீழே இறங்கியதும் அவருக்கு முதலில் வந்தது வியாபார ஞாபகம்.

“சுட்டுதில்லீங்களா எடது கொழலு? எடுங்க நூத்தி இருவது.”

“காயிதத்துல ரெண்டு சத்தம்னு இருக்குது. கேட்டது ஒண்ணு. அதுப்படி பாத்தா நான் ஒண்ணுமே தர வேண்டியதில்லீங்க. ஆனா எழுவதுன்னு நீங்க கூவுனப்பத்தான் வெடிச்சுது. வாய்ப்பேச்சுக்கு மரியாத குடுத்து எழுவது தாரேன்.”

“மரத்துல தொங்கறவன் சொன்ன வெலைங்க அது!”

“துண்டுக்குள்ள சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். நீங்க கொல்லிமலைக்கே கேக்கறாப்பலச் சொன்னீங்க.”

சத்தம் கேட்டு வந்த சின்னாயி, முதலியாரின் மடியிலிருந்து எட்டிப் பார்த்த கடலைச் செடியைப் பார்த்தாள். “மொதலியாரய்யா வெலைக்கு மாதிரி பாக்கச் செடி எடுத்திருக்காருங்களா? எத்தன செடிங்க? எண்ணிக்கிறதா?” என்று ஒன்றுமே தெரியாதவள் போலக் கேட்டாள். அதற்குப் பிறகு எழுபது ரூபாயில் முதலியார் ஒரு தம்பிடிகூட ஏற்றவில்லை; அதை வாங்கி முடிந்துகொண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

ஆனால் ஒன்று மட்டும் கேட்டார். “வித்த சாமானை நானே இன்னும் கேக்கல. ஒருக்கா ரெண்டு சத்தமும் போட்டுக் காட்டுங்க கவுண்டரே.”

கண்ணுசாமி நல்ல தோட்டாவாக இரண்டைப் பொறுக்கி, வெயிலில் உலர்த்திப் போட்டு மலையைப் பார்த்துச் சுட்டார். டமார், டமார். மலை இரண்டையும் திருப்பிச் சொன்னது. தூரத்தில் புதருக்குள் இருந்த மிச்சப் பன்றிகள் அடுத்த கிராமத்துக்குக் குடிபெயர்ந்தன. அந்த மூன்றேகால் ஏக்கர் கடலையில் அதற்குப் பிறகு ஒரு மூக்கும் படவில்லை. முதலியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சின்னாயி வள்ளத்தைத் தட்டுகிற தட்டை வைத்து உள் சூட்சுமத்தைச் சொன்னபோது, அதுவரை எத்தனையோ வள்ளத்தைத் தட்டி அளந்தவராதலால், அவருக்கு உடனே புரிந்தது. தான் ‘டொக்’கென்று ஊன்றியதெல்லாம் ஞாபகம் வந்தது.

“அப்ப அந்தப் பித்தான் ஆட்டம்...?”

“அது ஆட்டம் இல்லீங்க” என்றார் கண்ணுசாமி. “எந்தக் கொழலு மொதல்லன்னு சொல்றது. வலது விரிச்சு வீசும், எடது ஒரே எடத்துல போடும்.”

“அஞ்சு ரூபாயத் திருப்பிக் குடுங்க!”

“வெடிக்காத தோட்டாவுக்கு மூணணாவ நீங்க குடுங்க.”

“அது ஏன் தரணும்? அந்தத் தோட்டா வெடிச்சிருந்தா வலது கொழலுங்க. விரிச்சு வீசும்னு நீங்கதானே சொன்னீங்க? பன்னிக்குப் பாதி, என் காலுக்குப் பாதி வந்திருக்கும். வெடிக்காம இருந்தே மூணணாவுக்கு உழைச்சிருக்குது!”

வண்டி போன பிறகு சின்னாயி மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்க, தெனமும் பித்தான ஒரே தள்ளுல தள்ளுவீங்க. இன்னிக்கி மட்டும் ஏன் அவ்வளவு நேரம்?”

“கட்டைவெரலு வேர்த்துப் போச்சு புள்ள” என்றார் கண்ணுசாமி, பன்றியைப் பார்த்துக்கொண்டு.

செவ்வாய்ப்பேட்டையில் முதலியார் ஊர் சேர்ந்த சாயங்காலமே கணக்கு எழுத உட்கார்ந்தார். விளக்கேற்ற வந்த அவர் மனைவி தெய்வநாயகி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

“உங்க ஒடம்பு அம்பது ரூபாய்தானா?”

“பேரம் அந்த எடத்துல நின்னுபோச்சு” என்றார் முதலியார். “இல்லன்னா இன்னும் ஏறியிருக்கும்.”

கணக்கு இப்படி இருந்தது:

ஒற்றை விசை இரட்டைக் குழல் துப்பாக்கி, சேந்தமங்கலம் கண்ணுசாமி பற்று: ரூ. 240
வரவு, முதல் சத்தத்துக்கு ரொக்கம்: ரூ. 120
வரவு, இரண்டாம் சத்தத்துக்கு ரொக்கம்: ரூ. 70
வரவு, மரத்திலிருந்து சேதமில்லாமல் இறங்கிய உடல் ஒன்று: ரூ. 50
ஆக வரவு ரூ. 240. நேர்.
பித்தான் ஆட்டத்துக்குத் தள்ளிய ரூ. 5, கேட்டது, வரவில்லை.
வெடிக்காத தோட்டா ஒன்றுக்குக் கண்ணுசாமி கேட்பது மூன்று அணா, கொடுக்கவில்லை. பாக்கி.